கழிநீர் தந்த கனல்

சதுப்பு நிலங்களின்மேல், காற்றடங்கிய இரவுகளில், சிற்றொளியொன்று தோன்றி அசைந்து மறைவதுண்டென்று பல நாட்டு மக்களும் சொல்லி வந்துள்ளனர். தமிழர் அதனைக் கொள்ளிவாய்ப் பேய் என்றனர். அவ்வொளி யாதென்பது பற்றி அறிஞரிடையே ஒருமித்த முடிபு இன்னும் ஏற்படவில்லை. ஆனால், சதுப்பின் சேற்றிலிருந்து எரியுந்தன்மை வாய்ந்த வாயுவொன்று எழுகின்றதென்பதில் ஐயமில்லை. அந்த வாயுவைக் கண்டறிந்து, அதனை ஆக்கும் நுண்ணுயிர்களை இனங்கண்டு, அவற்றைத் தொழிற்சாலைக் கழிநீரில் வேலைக்கமர்த்தி எரிபொருள் பெறுவதற்கு மனிதனுக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் சென்றன. இத்துணைக் காலம் சென்றமைக்கு முதற்காரணம் அவ்வுயிர்களின் இயல்பே. அவை மிக மெதுவாகப் பெருகுவன. அவற்றை விரைவுபடுத்த எவராலும் இயலவில்லை. அவற்றை ஓட்டத்தோடு போகவிடாது ஓரிடத்தில் இருத்திவைக்கும் வழி தெரிந்தபோதே வெற்றி கிட்டியது.

இவ்வரலாறு 1776 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வட இத்தாலியிலுள்ள மஜ்ஜோரே ஏரியில் தொடங்குகின்றது. பிற்காலத்தில் மின்னடுக்கை ஆக்கி உலகப் புகழ் பெற்ற அலெசாந்திரோ வோல்ற்றா, அந்நாளில் வாயுக்களை ஆராய்வதில் ஈடுபட்டிருந்தார். கரையோரத்து நாணல்களிடையே தடியொன்றினால் அடிச்சேற்றைக் கிளறியபோது குமிழிகள் திரள்திரளாக மேலெழுந்தன. அவற்றைக் கண்ணாடிக் கலத்திற் பிடித்துச் சுடர்காட்டினார். வாயு நீலநிறமாய் எரிந்தது. தாம் கண்டவற்றைக் கார்லோ கம்பி என்னும் குருவானவருக்குக் கடிதங்களாக எழுதினார்; அக்கடிதங்கள் 1777 ஆம் ஆண்டில் நூலுருப் பெற்றன. நீரின் அடியில் மட்கும் தாவரங்களிலிருந்தே இவ்வாயு பிறக்கின்றதென்பதை அவர் உணர்ந்துகொண்டார். ஆனால் மட்கச் செய்வது எது என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. இரசாயன அறிஞர்கள் பின்னர் அவ்வாயுவுக்கு மெதேன் என்று பெயரிட்டனர்.

மட்குதல் உயிர்களின் தொழில் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் வெளியாயிற்று. நொதித்தலைச் செய்வன நுண்ணுயிர்களே என்பதைப் பிரான்சிய நாட்டு அறிஞர் பாஸ்ரர் நிலைநாட்டினார். அவர் காலத்தவரான பெஷாம் என்பார் 1868 ஆம் ஆண்டில், மெதேனும் நுண்ணுயிர்களின் செயலாலேயே உண்டாகின்றதென்று எடுத்துக்காட்டினார். இவ்வகை நுண்ணுயிர்கள் காற்றை விரும்புவனவல்ல. ஒட்சிசன் பட்டால் அவற்றின் தொழில் நின்றுவிடும். ஏரியின் அடிச்சேறும், மாட்டின் இரைப்பையும், நெல்வயலின் சேறும் அவற்றுக்கு உகந்த வீடுகள்.

அறிவு ஆய்வுசாலையிலிருந்து நகரத் தெருவுக்கு வர நெடுங்காலம் செல்லவில்லை. இங்கிலாந்தில் எக்செற்றர் நகரின் அளவையாளராயிருந்த டொனல்ட் கமரன், நகரக் கழிநீரைக் காற்றுப்புகாத தாங்கியொன்றில் தேக்கி அழுகவிடும் முறையொன்றுக்கு 1895 ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். அத்தாங்கியில் எழுந்த வாயு, துப்புரவு நிலையத்திலேயே விளக்கேற்றவும் வெப்பமூட்டவும் பயன்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில், பம்பாய் மாத்துங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லத்தின் கழிவுத் தாங்கிகளிலும் வாயு சேகரிக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன என்றும், அவ்வாயு இயந்திரங்களை ஓட்டப் பயன்பட்டதென்றும் பதிவுகள் கூறுகின்றன. ஊரார் ஒதுக்கிவைத்த மனிதரின் இல்லத்தில், ஊரார் ஒதுக்கிய பொருளிலிருந்து ஆற்றல் பிறந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

அடுத்து வந்தவர் ஜேர்மன் பொறியியலாளர் கார்ல் இம்ஹோப். நிலக்கரிச் சுரங்கங்களும் உருக்காலைகளும் நெருங்கிய ரூர்ப் பிரதேசத்தில், எம்சர் ஆற்றின் கழிநீரைத் துப்புரவாக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. 1906 ஆம் ஆண்டளவில் அவர் ஈரடுக்குத் தாங்கியொன்றை அமைத்தார். கழிநீர் மேலடுக்கின் வழியே விரைந்து ஓடிவிடும். அதிலுள்ள திண்மப் பொருள்கள் கீழடுக்கில் வீழ்ந்து, பல வாரங்கள் அங்கேயே தங்கி, மெல்ல மெல்லச் செரிக்கப்படும். நீர் தங்கும் காலம் வேறு, கசடு தங்கும் காலம் வேறு என்று பிரித்தமையே அவருடைய மதிநுட்பம். 1927 ஆம் ஆண்டில் ரூர்ப் பிரதேசத்தில், கசடு செரிக்கும் தாங்கிகளை வெப்பமூட்டும் முறையும் வந்தது. அங்கு பெற்ற வாயு ஆற்றலாக்கப் பயன்பட்டதுமன்றி, நகர வாயுச்சாலைக்கும் விற்கப்பட்டது.

எனினும் இம்ஹோப்பின் வழி தொழிற்சாலைகளுக்குப் பொருந்தவில்லை. நகரக் கழிவில் வண்டலாய்ப் படியும் பொருள் மிகுதி. சீனியாலை, மதுவடிசாலை, மாவாலை, பாற்பண்ணை முதலியவற்றின் கழிநீரிலோ அழுக்கின் பெரும்பகுதி நீரிற் கரைந்தே நிற்கும். கரைந்த பொருள் கீழே படியாது. அதனை உண்ணும் நுண்ணுயிர் அந்நீரிலேயே மிதந்திருந்து, நீர் வெளியேறும்போது தானும் வெளியேறிவிடும். நுண்ணுயிர் ஒருமுறை பெருகுமுன் நீர் தாங்கியை விட்டுச் சென்றுவிட்டால், சில நாட்களில் தாங்கி வெறிதாகிவிடும். அங்ஙனம் நேராதிருக்க வேண்டுமாயின், ஆலையின் நீரைப் பல நாட்களுக்கும் வாரங்களுக்கும் தேக்கிவைக்குமளவுக்குப் பெருந்தாங்கிகள் வேண்டும். நாள்தோறும் ஆயிரக்கணக்கான கன மீற்றர் நீரை வெளிவிடும் ஆலைக்கு இது ஆகக்கூடிய காரியமன்று.

இவ்விடர்ப்பாட்டிடையே 1914 ஆம் ஆண்டில் வேறொரு வழி திறந்தது. மான்செஸ்ரர் நகரில் ஆடேர்ன், லொக்கற் என்னும் இருவர், கழிநீருள் இடைவிடாது காற்றைச் செலுத்தி, காற்றை விரும்பும் நுண்ணுயிர்களைக்கொண்டு அதனைச் சில மணித்தியாலங்களில் தூய்மையாக்கும் முறையை வெளியிட்டனர். உலகெங்கும் நகரங்கள் அம்முறையைத் தழுவின. அது விரைவானது, உறுதியானது. ஆயினும் அதற்கு இரு விலைகள் உண்டு. காற்றை நீருட் செலுத்தும் பொறிகள் இரவுபகலாய் மின்னாற்றலை விழுங்கும். அன்றியும், உண்ட உணவில் ஏறக்குறையப் பாதியை அந்நுண்ணுயிர்கள் தம் உடலாக்கிக்கொள்ளும். அழுக்குப்போன இடத்தில் கசடு மலையாய்க் குவியும். நிலக்கரியும் எண்ணெயும் மலிவாயிருந்தவரையில் இவ்விலைகள் எவருக்கும் பெரிதாய்த் தோன்றவில்லை.

இருவழிகளுக்குமுள்ள வேற்றுமையின் வேர் எங்கே உள்ளது? ஒரு பிடி சீனியைக் காற்றில் எரித்தால் அதிலுள்ள ஆற்றல் முழுவதும் வெளிப்படும். காற்றை விரும்பும் நுண்ணுயிர் அவ்வாற்றலைத் தானே எடுத்து விரைந்து கொழுக்கின்றது. காற்றில்லாவிடத்தில் அதே சீனி மெதேனாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரியும்போது, அதன் ஆற்றலில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு மெதேனிலேயே தங்கிவிடுகின்றது. எஞ்சிய சிறு பங்கையும் ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே அவை வறியவை; மெதுவாகப் பெருகுவன; சிறிதளவு கசடே தருவன. எரிபொருளை நமக்கு விட்டுவைப்பதனாலேதான் அவை மெலிந்து வாழ்கின்றன. அவற்றின் குறையாகத் தோன்றிய மெதுவியல்பும், அவற்றால் விளையும் நன்மையும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை.

அந்நுண்ணுயிர்கள் யாவை என்னும் ஆராய்ச்சி பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வளர்ந்தது. இலினோய் மாநிலத்தில் ஆதர் பஸ்வெல் என்பார் 1930 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், பண்ணைக் கழிவுகளையும் ஆலைக் கழிவுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அழுகவிட்டு, எப்பொருள் எவ்வளவு மெதேன் தரும் என்று கணிக்கும் சமன்பாட்டைத் தந்தார். கலிபோர்னியாவில் பாக்கர் என்பார் 1940 ஆம் ஆண்டளவில், அற்ககோலை உண்டு மெதேன் தரும் நுண்ணுயிர் ஒன்றைப் பிரித்தெடுத்தாரென அறிவிக்கப்பட்டது. ஒமெலியான்ஸ்கி என்னும் இரசிய அறிஞரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கால் நூற்றாண்டுக்கு மேலாக அறிஞருலகம் அதனை ஒரே உயிரென்று கொண்டு ஆராய்ந்து வந்தது.

1967 ஆம் ஆண்டில் மார்வின் பிறையன்ற் என்பாரும் அவருடைய துணைவரும் ஒரு வியப்பான உண்மையை வெளியிட்டனர். அது ஓருயிரன்று, ஒன்றையொன்று பிரியாது வாழ்ந்த ஈருயிர். முதலாவது உயிர் அற்ககோலை உண்டு அசற்றிக்கமிலத்தையும் ஐதரசனையும் வெளிவிடும். ஆனால் தான் வெளிவிட்ட ஐதரசன் சூழ்ந்து பெருகினால் அதன் தொழில் தடைப்பட்டுப்போம். இரண்டாவது உயிருக்கு அற்ககோலை உண்ணத் தெரியாது. அது முதலாவது உயிரின் ஐதரசனைக் காபனீரொட்சைட்டுடன் சேர்த்து மெதேனாக்கி, அதனால் வாழும். ஒன்றின் கழிவு மற்றதன் உணவு. மற்றது உண்பதனால் முதலாவது பிழைக்கின்றது. கூடிவாழ்தலை இதனினுந் தெளிவாக எடுத்துக்காட்டும் சான்று அரிது.

இவ்வுண்மை தாங்கியுள் நிகழும் தொழிலனைத்தையும் விளக்கிற்று. முதற் கூட்டம் மாப்பொருள், புரதம், கொழுப்பு ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக்கி நொதிக்கச் செய்து, அமிலங்களையும் அற்ககோலையும் தரும். இடைக் கூட்டம் அவற்றை அசற்றிக்கமிலமாகவும் ஐதரசனாகவும் மாற்றும். கடைக் கூட்டமே மெதேன் ஆக்குவது. பெரும்பாலான தாங்கிகளில் மெதேனின் பெரும்பங்கு அசற்றிக்கமிலத்திலிருந்தே பிறக்கின்றது. முதற் கூட்டம் விரைவுடையது. அசற்றிக்கமிலத்தை உண்ணும் கடைக் கூட்டமோ இருமடங்காக நாட்கணக்கிற் காலம் எடுக்கும். முன்னவர் விரைந்து அமிலத்தைக் குவிக்க, பின்னவர் ஈடுகொடுக்க இயலாது போயின், தாங்கி புளித்துவிடும். புளிப்பு மிகுந்தால் கடைக் கூட்டம் மடிந்து, தொழில் முழுவதும் நின்றுவிடும். எனவே தாங்கியைக் காப்பதென்பது அதிலுள்ள மிக மெதுவான தொழிலாளியைக் காப்பதேயாகும். 1977 ஆம் ஆண்டில் காள் வூஸ், ஜோர்ஜ் பொக்ஸ் என்போர், இக்கடைக் கூட்டத்தார் பக்றீரியா இனத்தவரே அல்லர் என்றும், ஆர்க்கியா எனப் பின்னர் பெயர்பெற்ற தனியொரு தொல்குலத்தவர் என்றும் காட்டினர்.

இவ்வறிவு வளர்ந்துவந்த காலத்திலேயே பொறியியலாளரும் வாளாவிருக்கவில்லை. தென்னாபிரிக்காவில் ஸ்ராண்டர் என்பார், வைன் வடிசாலைக் கழிநீரை ஆராய்ந்து, வெளியேறும் நுண்ணுயிர்ச் சேற்றைப் பிரித்துத் தாங்கியிலேயே இருத்துதல் இன்றியமையாததென்று 1950 ஆம் ஆண்டளவில் வலியுறுத்தினார். 1955 ஆம் ஆண்டில் மினசோற்றாவில் ஷ்ரோப்பர் குழுவினர், இறைச்சி பதனிடும் ஆலைகளின் கழிநீருக்கு அதே வழியைக் கையாண்டனர். 1969 ஆம் ஆண்டில் ஸ்ரான்போட் சர்வகலாசாலையில் யங், மக்காட்டி என்னும் இருவர், தாங்கியைக் கற்களால் நிரப்பிக் கழிநீரைக் கீழிருந்து மேலே செலுத்தினர். கற்களிலும் அவற்றின் இடுக்குகளிலும் நுண்ணுயிர் தங்கிற்று. நீர் ஓடிற்று, தொழிலாளி நின்றான். ஆனால் தாங்கியின் இடத்திற் பெரும்பகுதியைக் கற்கள் அடைத்துக்கொண்டன. நாளடைவில் இடுக்குகள் தூர்ந்துபோகும் இடரும் இருந்தது.

இக்கட்டத்தில் வரலாறு ஒல்லாந்து நாட்டுக்குச் செல்கின்றது. கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த நிலமும், மெல்ல அசையும் வாய்க்கால்களும் நிறைந்த நாடு அது. அங்கே சீனி, பீற்றுக் கிழங்கிலிருந்து எடுக்கப்படுகின்றது. நம் சந்தைகளில் விற்கும் செந்நிற பீற்றூட்டின் உறவான வெண்கிழங்கு அது. இலையுதிர்காலத்திற் கிழங்கு தோண்டப்பட்டதும் ஆலைகள் ஏறக்குறைய மூன்று திங்கள் இரவுபகலாய் இயங்கும். கிழங்கைக் கழுவிய நீரும் ஆலையில் ஓடிய நீரும் சீனி கலந்தே வெளியேறும். சீனியும் மாச்சத்தும் கலந்த நீர், ஓட்டமில்லா வாய்க்காலைச் சேர்ந்தால் அங்குள்ள ஒட்சிசன் முழுவதும் தீர்ந்துபோகும். மீன் மடியும், துர்நாற்றம் எழும். உருளைக்கிழங்கு மாவாலைகளும் வைக்கோல் அட்டை ஆலைகளும் இருந்த வடபகுதியில், வாய்க்காற் கரையிற் குடியிருந்தோர் இலையுதிர்காலந்தோறும் இத்துன்பத்தைத் தலைமுறை தலைமுறையாய் அனுபவித்தனர்.

1970 ஆம் ஆண்டில், நிலமேல் நீரைக் காக்கும் சட்டம் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அழுக்கை நீரில் விடுவோர் அதன் அளவுக்கேற்பப் பணஞ்செலுத்த வேண்டியதாயிற்று. அதுகாறும் ஊராருக்கு மட்டும் சுமையாயிருந்த கழிநீர், முதன்முறையாக ஆலையின் கணக்கேட்டில் செலவாக ஏறியது. மூன்றாண்டுகள் கழிந்து 1973 ஆம் ஆண்டின் இறுதியில், அரபு நாடுகள் ஒல்லாந்துக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டி ஓட்டுவது அந்நாட்டிற் சிலகாலம் தடைசெய்யப்பட்டது. ஒழிந்த நெடுஞ்சாலைகளில் மக்கள் துவிச்சக்கரவண்டியிற் சென்றனர். மின்னாற்றலை விழுங்கும் காற்றூட்டும் முறையின் விலை அப்போதுதான் யாவருக்கும் விளங்கியது.

வாகனிங்கன் நகரின் வேளாண்மை உயர்கல்லூரியில் அந்நாளிற் பணியாற்றிய காட்சே லெற்றிங்கா, காற்றில்லா முறையை ஆராய்ந்துகொண்டிருந்தார். கற்கள் நிறைந்த தாங்கியின் வழியிலேயே அவரும் தொடங்கினார். சோதனைகளைக் கூர்ந்து நோக்கியபோது ஓர் உண்மை புலப்பட்டது. வேலையின் பெரும்பகுதியைச் செய்வது கற்களில் ஒட்டிய நுண்ணுயிரன்று. கீழே, எதிலும் ஒட்டாது திரண்டு கிடந்த சேறே. அங்ஙனமாயின் கற்கள் எதற்கு? அவர் கற்களை நீக்கினார். தாங்கியின் மேற்பகுதியில் மட்டும் கவிழ்ந்த கூரை போன்ற ஓர் அமைப்பைப் பொருத்தினார். மேலெழும் வாயு அக்கூரையின்கீழ்ச் சிக்கிக் குழாய்வழியே செல்லும். வாயு நீங்கிய சேறு பாரமடைந்து மீண்டும் கீழே வீழும். தெளிந்த நீர் மட்டும் மேலே வழிந்தோடும். உள்ளே சுழலும் பொறி எதுவுமில்லை; காற்றூதியும் இல்லை.

சீனி நிறுவனம் ஒன்றின் ஒத்துழைப்புடன் இது ஆலைக் களத்திற் சோதிக்கப்பட்டது. முதலில் 6 கன மீற்றர் தாங்கிகள் அமைந்தன. அவற்றில், எவரும் முன்கூட்டித் திட்டமிடாத மாற்றமொன்று நிகழ்ந்தது. குழம்பாயிருந்த சேறு, நாட்செல்லச் செல்ல, உருண்டு திரண்ட சிறு மணிகளாயிற்று. குரக்கன் மணிபோன்றவை சில. அதனினுஞ் சற்றுப் பெரியவை சில. ஒவ்வொரு மணியுள்ளும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்தன. கீழிருந்து எழும் நீரோட்டம் இலேசான தூசியை அடித்துச் செல்லும். ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு பாரமானவை எஞ்சும். எஞ்சியவை பெருகும். எந்த ஓட்டம் நுண்ணுயிர்களை வெளியேற்றுமென்று பொறியியலாளர் அஞ்சினரோ, அந்த ஓட்டமே அவற்றை ஒன்றுதிரளச் செய்தது. நீர் மணிக்கு ஒரு மீற்றரளவு மேலெழ, மணிகளோ அதனினும் பன்மடங்கு விரைவாகக் கீழே படிந்தன. கல்லின் துணையின்றியே தொழிலாளி நிலைபெற்றுவிட்டான்.

பிறையன்ற் கண்ட உறவு இம்மணிகளில் வீடமைத்துக்கொண்டது எனலாம். ஐதரசனைத் தரும் உயிரும் அதனைப் பெறும் உயிரும் மணியினுள் மிக நெருங்கி அமைவதனால், கொடுக்கல் வாங்கல் தடையின்றி நிகழும். மற்றுமொரு நன்மையும் உண்டு. சீனியாலை ஆண்டின் பெரும்பகுதி மூடிக்கிடக்கும். உணவில்லாத அத்திங்களில் மணிகள் மடிவதில்லை, உறங்குகின்றன. அடுத்த இலையுதிர்காலத்திற் கழிநீர் வந்ததும் விழித்துத் தம் தொழிலை மேற்கொள்கின்றன. குறைந்த ஊதியத்தில் வாழப் பழகிய உயிருக்கு நீண்ட பட்டினியும் பொறுக்கத்தக்கதாயிற்று.

முதலாவது பெருந்தாங்கி 200 கன மீற்றர் கொள்ளளவுடையது. அதன் பெறுபேறுகளை லெற்றிங்கா குழுவினர் 1980 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பீற்றுக் கிழங்குக் கழிநீர் அத்தாங்கியுள் நான்கு மணித்தியாலங்களே தங்கியது. கழிநீரின் அழுக்கை, அதனை எரிக்க எவ்வளவு ஒட்சிசன் வேண்டுமென்னும் அளவால் மதிப்பிடுவது வழக்கம். அவ்வளவின்படி, ஒரு கன மீற்றர் தாங்கி நாளொன்றுக்கு 16 கிலோகிராம் வரையான சுமையைத் தாங்கியது. அங்ஙனம் அழியும் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.35 கன மீற்றர் மெதேன் பிறக்குமென்பது இரசாயனக் கணக்கு. எனவே முழுச்சுமையில் ஐந்தில் நான்கு பங்கு அழிந்ததெனக் கொண்டால், இத்தகைய தாங்கி நாளொன்றுக்கு ஏறக்குறைய 900 கன மீற்றர் மெதேன் தரத்தக்கது. ஒரு கன மீற்றர் மெதேனின் வெப்பம் ஏறக்குறைய ஒரு லீற்றர் டீசலின் வெப்பத்துக்கு ஈடாகும். வாரக்கணக்கிலிருந்து மணிக்கணக்குக்குக் குறைந்த இம்மாற்றமே, காற்றில்லா முறையைத் தொழிற்சாலையின் வாயிலுக்குக் கொண்டுவந்தது.

இக்கண்டுபிடிப்புக்கு லெற்றிங்கா தனியுரிமை பெறவில்லை. வறிய நாடுகளும் தடையின்றி எடுத்தாள வேண்டுமென்பது அவர் கருத்து. உலகின் பல பாகங்களிலும் இவ்வகைத் தாங்கிகள் ஆயிரத்துக்கு மேற்பட எழுந்தன. மதுவடிசாலைகள், காகித ஆலைகள், மாவாலைகள் முதலியன இதனைக் கைக்கொண்டன. 2007 ஆம் ஆண்டில் சுற்றாடல் துறைக்குரிய ரைலர் பரிசும், 2009 ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் லீ குவான் யூ நீர்ப் பரிசும் அவருக்கு வழங்கப்பட்டன.

வெப்ப நாடுகளுக்கு இம்முறை பின்னும் பொருத்தமானது. ஏறக்குறைய 35 பாகை வெப்பத்தில் இந்நுண்ணுயிர்கள் செழித்துத் தொழில் செய்யும். குளிர்நாட்டில் விலைகொடுத்துப் பெறவேண்டிய வெப்பத்தின் பெரும்பகுதியை இங்கு ஞாயிறு இலவசமாய் அளிக்கின்றது. 1983 ஆம் ஆண்டில் கொலம்பியாவின் காலி நகரில் 64 கன மீற்றர் தாங்கியொன்று, நகரக் கழிநீருக்கும் இம்முறை ஏற்குமென்று காட்டிற்று. கங்கைத் தூய்மைத் திட்டத்தின்கீழ், ஒல்லாந்து நாட்டின் துணையோடு 1989 ஆம் ஆண்டில் கான்பூரில் நாளொன்றுக்கு 50 இலட்சம் லீற்றர் நீரை ஏற்கும் நிலையம் அமைந்தது. தமிழகத்தில் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்யும் ஆலைகள் பல, தம் கழிநீரிலிருந்து வாயு பெற்று ஆலைக்கே எரிபொருளாக்குகின்றன. கிழங்கைக் கழுவி அரைத்த நீரில் எஞ்சும் மாச்சத்தே அவ்வாயுவின் மூலம். ஒல்லாந்துச் சீனியாலையின் பாடம் அங்கு வேறொரு கிழங்கிற் பலித்தது.

இதனாற் குறையே இல்லையென்று கொள்ளலாகாது. கான்பூரில், தோல் பதனிடும் ஆலைகளின் கழிநீர் ஒரு பங்கும் நகரக் கழிநீர் மூன்று பங்குமாகக் கலந்து, நாளொன்றுக்கு 360 இலட்சம் லீற்றரை ஏற்கும் மற்றொரு நிலையம் 1994 ஆம் ஆண்டிற் தொடங்கியது. தோலாலை நீரிலுள்ள சல்பேற்று, தாங்கியில் ஐதரசன் சல்பைட்டாக மாறி நாற்றத்தையும் இரும்பரிப்பையும் விளைக்கும். அதிலுள்ள குரோமியம் நுண்ணுயிர்ச் சேற்றிற் படிந்து அதனை நஞ்சாக்கும். நுண்ணுயிர் உணவை எரிபொருளாக்கும். உலோகத்தை ஒழிக்க அதனால் இயலாது. நன்கு நடக்கும் தாங்கியிலிருந்து வெளிவரும் நீருங்கூட ஆற்றில் விடுமுன் மற்றொரு துப்புரவை வேண்டி நிற்கும். உப்பும் நச்சும் கழிநீரிற் கலவாது ஆலைக்குள்ளேயே பிரித்துவைப்பது மனிதனின் கடமையாகவே உள்ளது.

வேறோர் எச்சரிக்கையும் உண்டு. எரிக்கப்பட்ட மெதேன் எரிபொருள். காற்றிற் கசிந்த மெதேனோ தீங்கு. நூறாண்டுக் கணக்கில் நோக்கின், நிறைக்கு நிறை அது காபனீரொட்சைட்டிலும் ஏறக்குறைய 28 மடங்கு வலிமையுடன் பூமியின் வெப்பத்தைச் சிறைப்படுத்துகின்றது. திறந்த குட்டையில் ஆலைக் கழிநீரை அழுகவிடுவோர் எரிபொருளை இழப்பதோடு வானையுங் கெடுக்கின்றனர். கவனமின்றிக் கட்டிய தாங்கியும், வெடித்த குழாயும் அதே கேட்டைச் செய்யும். நுண்ணுயிர் தன் தொழிலை எவ்விடத்தும் செய்துகொண்டுதானிருக்கும். அதன் விளைவு விளக்காகுமா, வினையாகுமா என்பதைத் தீர்மானிப்பது மூடியும் குழாயும் அவற்றைப் பேணும் கைகளுமே.

வோல்ற்றா சேற்றைக் கிளறிய நாளிலிருந்து லெற்றிங்காவின் தாங்கி எழுந்த நாள்வரையும் நுண்ணுயிர் மாறவில்லை. அதனை நோக்கிய மனிதனின் அறிவே மாறிற்று. முதலில் வாயுவைக் கண்டான். பின்னர் அதனை ஆக்கும் உயிரைக் கண்டான். பின்னர் அவ்வுயிர் தனித்து வாழ்வதன்று என்பதைக் கண்டான். ஈற்றில், அதன் மெதுவான நடைக்கு ஏற்ப வீடொன்று கட்டிக்கொடுக்கக் கற்றான். விரைந்தோடும் நீரும் மெதுவாக வளரும் உயிரும் ஒரே தாங்கியில் ஒத்துவாழ இடமளித்த அன்றே, ஆலையின் அழுக்கு அடுப்பின் நெருப்பாயிற்று.